இஞ்சம்பாக்கத்தில் பஸ்ஸை நிறுத்துங்கள்

தேனி மாவட்டப் பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓவிய ஆசிரியர்களுக்கு,

போடி, கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம், ஆண்டிபட்டி, பெரியகுளம் என்று எந்த ஊர்ப் பள்ளியிலிருந்து கிளம்பினாலும் சென்னைச் சுற்றுலாவின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். மெரினா, கிண்டி பாம்புப் பண்ணை, வண்டலூர், கடைசியாக மாமல்லபுரம். திருவான்மியூரைத் தாண்டி ஈ.சி.ஆரில் பஸ் வேகம் பிடிக்கும்போது உள்ளே பாட்டும் ஆட்டமும் உச்சத்தில் இருக்கும். இடப்பக்கம் கடல் தெரிகிறதா என்று ஜன்னலோரத்தில் ஒரு சண்டையும் நடக்கும். அந்தச் சண்டை முடிவதற்குள் இஞ்சம்பாக்கம் வந்து, போயும் விடும். அங்கே பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்பதுதான் இந்த மடல்.

இஞ்சம்பாக்கத்தில், கடல் பக்கமாக, சோழமண்டலம் கலைஞர் கிராமம் இருக்கிறது. 1966-இல் ஓர் ஓவிய ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து காசு போட்டு நிலம் வாங்கி, வீடு கட்டிக் குடியேறிய இடம். 2009-இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். மெட்ராஸ் கலை இயக்கம் என்று இன்று கலை வரலாற்றில் எழுதப்படுகிற நவீனத்துவ இயக்கத்துக்கென்றே அமைந்த அருங்காட்சியகம் அது. மன்னர் வாளும் மம்மியும் அங்கே கிடையாது. தமிழ்நாட்டில் ஒரு வகுப்பறை எப்படி ஓர் இயக்கமானது என்பதற்கான சாட்சியங்கள்தாம் சுவரில் தொங்குகின்றன.

அதனால்தான் இந்த மடல் தலைமை ஆசிரியர்களுக்கோ கல்வி அதிகாரிகளுக்கோ எழுதப்படவில்லை. ‘படம் வரைந்தால் சோறு கிடைக்குமா சார்?’ என்று பெற்றோர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அந்தக் கேள்விக்கு ஏறக்குறைய அறுபது வருடங்களுக்கு முன்பே ஒரு பதில் கொடுத்த ஊர் அது.

கதை தொடங்குவது ஈ.சி.ஆரில் இல்லை. பெரியமேட்டில், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியில் தொடங்குகிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சொந்த முயற்சியில் ஆரம்பித்த பள்ளி அது. இரண்டே வருடத்தில் அரசு ஏற்றுக்கொண்டது. தொழிற்கலைப் பள்ளி என்பதுதான் அப்போதைய அடையாளம். மண்பாண்டம், ஓடு, மரச்செதுக்கு என்று கைத்தொழில் கற்றுத்தரத்தான் நடத்தினார்கள். 1898 வாக்கில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் அங்கே அலுமினியத்தில் பாத்திரம் செய்யும் பட்டறை ஒன்றை அமைத்தார். 1903-இல் அந்தத் தொழில் ஒரு கம்பெனியின் கைக்குப் போனது. நம் அடுப்படியில் நசுங்கிக் கிடக்கும் அலுமினியச் சட்டியின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஓர் ஓவியப் பள்ளியில் போய் முட்டிக்கொள்வோம். இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

அந்தப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929 முதல் 1957 வரை பொறுப்பில் இருந்த வங்காளி. உங்கள் மாணவர்கள் அவருடைய வேலையை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். மெரினாவில் பஸ் நின்றதும் எதற்கு முன்னால் நின்று குரூப் போட்டோ எடுக்கிறார்களோ, அந்த உழைப்பாளர் சிலை அவர் செய்தது. நான்கு பேர் பாறையை நெம்பித் தள்ளும் அந்தச் சிலை 1959-இல் அங்கே வந்தது. காந்தி சிலையும் அவருடையதுதான். ஆகவே உங்கள் சுற்றுலாப் பட்டியலில் இந்தக் கதையின் முதல் அத்தியாயம் இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்துக்குத்தான் நிறுத்தம் இல்லை.

ராய் சௌத்ரிக்குப் பிறகு முதல்வராக வந்தவர் அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்து, காப்பீட்டு முகவராகவும் அலைந்து, இருபத்தைந்து வயதில்தான் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954-இல் லண்டனிலும் பாரிஸிலும் கண்காட்சி வைத்தார். 1957-இல் முதல்வரானபோது அவர் முன்னால் இரண்டு கேள்விகள் இருந்தன. ஐரோப்பாக்காரன் வரைவதைப் போல வரையாமல் நவீனமாக வரைவது எப்படி என்பது ஒன்று. அது கலைக் கேள்வி. இன்னொன்று வயிற்றுக் கேள்வி: டிப்ளமா முடித்து வெளியே போகிற பையன் அடுத்த மாதம் வாடகைக்கு என்ன செய்வான்?

அந்த நாள் மெட்ராஸில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குபவர்களை விரல்விட்டு எண்ணலாம். கேலரிகள் அரிது. கெட்டிக்கார மாணவன்கூட விளம்பர கம்பெனிக்கோ பேனர் கடைக்கோ போய்ச் சேர்ந்து, சொந்த வேலையை மறந்துவிடுவான். அப்படிப் போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

பணிக்கரின் வட்டம் கண்டுபிடித்த வழி, கைத்தொழில். பகலில் சில மணி நேரம் விற்கக்கூடிய பொருள் செய்வது; மீதி நேரம் தன் ஓவியத்துக்கு. அறுபதுகளின் தொடக்கத்தில் கலைஞர்களின் கைவினைச் சங்கம் ஒன்று உருவானது. பாத்திக் துணி, உலோகத் தகட்டு வேலை, தோல் வேலை, மண்பாண்டம் என்று செய்து விற்றார்கள். அதிகம் கைகொடுத்தது பாத்திக். தேன்மெழுகையும் பாரஃபினையும் கலந்து உருக்கி, சூடு ஆறுவதற்குள் பிரஷ்ஷால் துணியில் கோடு இழுக்க வேண்டும். சூடு அதிகமானால் மெழுகு பரவிவிடும், குறைந்தால் துணிக்குள் இறங்காது. சாயத்தொட்டியில் முக்கினால் மெழுகு பிடித்த இடம் மட்டும் நிறம் ஏறாமல் நிற்கும். துணியைக் கசக்கும்போது மெழுகு வெடித்த இடத்தில் சாயம் புகுந்து நரம்புபோல ஓடும். அந்த நரம்பு எங்கே ஓடும் என்று வரைகிறவனுக்கும் முன்கூட்டித் தெரியாது. கோட்டில் தயக்கம் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் வேலை இது. ஓவியனுக்கு இதைவிட நல்ல சாதகம் கிடைக்காது. கையில் காசும் வரும்.

அப்படிச் சேர்ந்த காசுதான் இஞ்சம்பாக்கத்து மணல் நிலம். அன்று அது நகரத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக் கிடந்த மீனவக் கடற்கரை, மின்சாரம்கூட இல்லை. அரசு மானியத்துக்கோ புரவலரின் கைக்கோ காத்திருக்காமல் ஆசிரியரும் மாணவர்களும் தங்கள் கைவேலையை விற்றுக் குடியேறினார்கள். ஊர்கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அது இங்கே உண்மையிலேயே நடந்தது. தனித்தனியாக இழுத்திருந்தால் ஒருவரும் அந்த நிலத்தில் கால்வைத்திருக்க முடியாது.

அதே அறுபதுகளின் இறுதியில்தான் பண்ணைப்புரத்திலிருந்து ராசையாவும் அவருடைய அண்ணன் தம்பிகளும் மெட்ராஸுக்குப் போனார்கள். அல்லிநகரத்துச் சின்னச்சாமி பாரதிராஜா ஆனதும் அந்த நகரத்தில்தான். சினிமாவுக்குப் போன தேனிக்காரர்களின் கதை நம் டீக்கடைகளில் இன்றும் தினம் ஒருமுறை சொல்லப்படுகிறது. ஊரிலிருந்து பெட்டியோடு கிளம்பும் பையனுக்கு அந்தக் கதை ஒரு முகவரி. ஓவியம் வரைகிற பையனுக்கும் பெண்ணுக்கும் அப்படி ஒரு முகவரி இந்தப் பள்ளத்தாக்கில் இதுவரை சொல்லப்படவில்லை.

கைத்தொழிலையும் கலையையும் சேர்த்துவைத்த இன்னொரு பள்ளிக்காக, இந்த இடத்தில் ஜெர்மனிக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. வடிவமைப்பு என்று யார் பேச ஆரம்பித்தாலும் பௌஹவுஸ் பள்ளியின் பெயர் வரும். 1919-இல் வைமர் நகரில் வால்ட்டர் குரோப்பியஸ் தொடங்கியது. பிறகு டெஸ்ஸாவ், பெர்லின் என்று இடம் மாறி, நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-இல் மூடப்பட்டது. பதினான்கு வருட வாழ்வுதான். அதற்குள் நாற்காலி, விளக்கு, எழுத்துரு, கட்டடம் என்று உலகத்தின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. ஓவியனும் தச்சனும் நெசவாளியும் ஒரே பட்டறையில் கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2019-இல் நூற்றாண்டை ஒட்டி வைமரிலும் டெஸ்ஸாவிலும் அதற்குப் புது அருங்காட்சியகங்கள் திறந்தார்கள். இந்தியாவுக்கும் அந்தப் பள்ளி முன்பே வந்திருக்கிறது. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த கண்காட்சியில், கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் எடுத்த முயற்சியால், கண்டின்ஸ்கி, பால் க்ளே, யோஹன்னஸ் இட்டன் ஆகியோரின் படைப்புகள் இந்திய ஓவியர்களின் படங்களோடு காட்டப்பட்டன.

பௌஹவுஸுக்கும் சோழமண்டலத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கைத்தொழிலும் தொழிற்சாலையுமே குறிக்கோள். இங்கே கைத்தொழில் ஓவியத்துக்குச் சோறு போட்ட தோழன். எது உயர்ந்தது என்று வாதாடலாம். காசு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்றுபோலத்தான் நடந்திருக்கின்றன. பேர்பெற்ற குழாய் நாற்காலியைவிட, சுவரில் ஒட்டும் காகிதத்தில்தான் பௌஹவுஸ் நல்ல வருமானம் பார்த்தது. நெசவுப் பட்டறையும் நன்றாக ஓடியது. பெண்களை ஓரம்கட்ட நெசவுக்குத் தள்ளிவிட்டார்கள் என்ற குறை உண்டு. அந்தத் தறியிலிருந்துதான் குந்தா ஸ்டோல்ஸும் ஆனி ஆல்பர்ஸும் உலகப் பெயர் எடுத்தார்கள்.

தறி என்றதும் ஆண்டிபட்டிப் பக்கத்து ஆசிரியர்கள் நிமிர்ந்திருப்பீர்கள். சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். பாவும் ஊடையும் எத்தனைக்கு எத்தனை, பார்டருக்கு எந்த நூல், முந்தியில் எங்கே கட்டம் மாறும் என்பதெல்லாம் அவர்களுக்கு வீட்டுப் பேச்சு. ஆனால் ஓவியத் தேர்வில் அதே பிள்ளைகள் பூந்தொட்டியும் உதயசூரியனும் வரைந்துவிட்டுப் போகிறார்கள். மெட்ராஸ் இயக்கம் இந்த இடைவெளியைக் கடந்த இயக்கம். 1950-களில் மத்திய அரசு தொடங்கிய நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்களை வேலைக்கு வைத்தார்கள். துணிக்கு டிசைன் போட்டுக்கொண்டே அவர்கள் தங்கள் ஓவியங்களையும் வரைந்தார்கள். எம். ரெட்டப்ப நாயுடு அப்படி வேலை பார்த்தவர். வங்காளத்தின் புகழ்பெற்ற ஓவியர் ஜோகன் சௌத்ரி 1968 முதல் 1972 வரை சென்னை மையத்தில் இருந்தார். பாலு மகேந்திராவின் ‘சந்தியா ராகம்’ படத்தில் நடித்த ஓவியர் வீர சந்தானம் இருபத்தைந்து ஆண்டு நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். தஞ்சாவூர் முள்ளிவாய்க்கால் முற்றத்தின் கலைப்பணியிலும் அவர் கை உண்டு.

இனி அருங்காட்சியகத்துக்குள் போவோம். ஒன்று சொல்லிவிட வேண்டும்: எந்த முன்னேற்பாடும் இல்லாமல் நாற்பது பிள்ளைகளை உள்ளே விட்டால் பத்து நிமிடத்தில் வெளியே வந்து ஐஸ்கிரீம் கேட்பார்கள். அது அவர்கள் குற்றமில்லை. நவீன ஓவியத்தின் முன்னால் பெரியவர்களும் அப்படித்தான் முழிக்கிறார்கள். முதல் நாளே வகுப்பில் இரண்டு மூன்று விஷயங்களைக் காட்டிவிட்டுக் கூட்டிப்போனால் கதை மாறும்.

பணிக்கர் 1963-லிருந்து வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைக் காட்டுங்கள். ஜாதகக் கட்டம்போலக் கட்டங்கள், கணக்கு நோட்டில் கிறுக்கியதுபோல எண்கள், மலையாளம்போலத் தோன்றி வாசிக்க முயன்றால் ஒன்றும் பிடிபடாத எழுத்துகள், ஓரத்தில் மீனோ பறவையோ. எழுத்தையே உருவமாகப் பார்க்கும் அந்த வேலையைப் புரிந்துகொள்ளக் கம்பம் பிள்ளைகளுக்குக் கோட்பாடு வேண்டாம். குமுளி போகிற ஜீப்புகளில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். படிக்கத் தெரியாத எழுத்தின் வளைவைக் கண்ணால் ரசிப்பது அவர்களுக்குப் பழக்கம்.

உலோகச் சிற்பங்களுக்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். மெட்ராஸ் சிற்பிகளின் தனி அடையாளம் அது. பி.வி. ஜானகிராம் தகட்டை வெட்டி, வளைத்து, அதன் மேல் கம்பியைப் பற்றவைத்துக் கோடு போட்டார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பும் பித்தளையும் சேர்த்து வெல்டிங் செய்து, இடையிடையே எனாமல் நிறம் வைத்தார். பெரும்பாலும் முன்பக்கம் மட்டும் முகம் காட்டும் சிற்பங்கள். சுற்றிவந்து பார்க்கும் ஐரோப்பியச் சிலை மரபு இதில் இல்லை. சாமிக்குச் சார்த்தும் கவசத்தின் மரபு இருக்கிறது. வீரபாண்டித் திருவிழாவில் அம்மனைக் கவசத்தோடு கும்பிட்ட பிள்ளைக்கு இதை ஒரே வரியில் புரியவைக்கலாம். பற்றவைத்த இடத்தில் உலோகம் உருகித் திரண்டிருக்கும் தழும்பைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், தொடாமல். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அப்பாவின் மகன் ஒருவன் அங்கே உங்களுக்கே பாடம் எடுப்பான். மற்ற பிள்ளைகள் அவன் சொல்வதைக் கேட்கட்டும்.

கே. ராமானுஜத்தைத் தவறவிடாதீர்கள். பேச்சு சரளமாக வராது; மன நோயோடு போராடியவர்; பாடப் படிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. ஆனால் பேனாவும் மையும் கையில் கிடைத்தால் மாடமாளிகைகள், பாம்புகள், பறக்கும் உருவங்கள், தொப்பி அணிந்த ஒரு மனிதன் என்று இண்டு இடுக்கு விடாமல் தாளை நிரப்பிவிடுவார். பணிக்கர் அவரை அணைத்துக்கொண்டார். சோழமண்டலம் அவருக்கு வீடானது. 1973-இல் இளம் வயதிலேயே அவர் வாழ்க்கை முடிந்துபோனது. உங்கள் ஒவ்வொருவர் வகுப்பிலும் வாயே திறக்காமல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை உண்டு. ராமானுஜத்தின் படத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையை ஐந்து நிமிடம் தனியாக நிற்கவிடுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம்.

பெண் பிள்ளைகள் கேட்பார்கள், இதெல்லாம் ஆம்பளைங்கதானா என்று. பெருமளவு அப்படித்தான், மழுப்ப வேண்டியதில்லை. இருந்தும் அர்னவாஸ் இருந்தார், சிற்பி அனிலா ஜேக்கப் இருந்தார். அதே கல்லூரியில் படித்த பொன்னானி டி.கே. பத்மினி 1969-இல் முப்பது வயதை எட்டுமுன்பே இறந்துவிட்டார். அதற்குள் அவர் வரைந்தவை இன்று கேரளத்தில் கொண்டாடப்படுகின்றன. கிராமத்தில் குடியேறாமலே இயக்கத்துக்குப் பேர் சேர்த்தவர்களும் பலர். சிற்பி எஸ். தனபால், திருவண்ணாமலை சந்தானராஜ், துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆதிமூலம். காந்தி நூற்றாண்டான 1969-இல் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களையும், தமிழ்ப் புத்தக அட்டைகளில் அவர் எழுதிய எழுத்துகளையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். நம் மதுரை கோரிப்பாளையத்து டிராட்ஸ்கி மருதுவும் இதே கல்லூரியின் மாணவர்தான்.

உங்கள் நிலைமை தெரியாமல் எழுதப்படும் மடல் இல்லை இது. 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு அரசு எடுத்தது. ஓவிய ஆசிரியர்களில் பலர் அந்தக் கணக்கில் வந்தவர்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, பணி நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராட்டம். இதற்கு நடுவே பத்தாம் வகுப்பு ஓவிய பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவார், திருப்பித் தரமாட்டார். ஆண்டு விழா மேடைக்குத் தெர்மாகோல் வெட்ட மட்டும் எல்லாருக்கும் உங்கள் ஞாபகம் வரும். லோயர், ஹையர் ஓவியத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதையே பெரிய சாதனையாக நினைக்கவைக்கும் சூழ்நிலை. இந்த நிலையில் சுற்றுலாப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்பதே அதிகம்தான்.

ஆனாலும் கேட்பதற்குக் காரணம் உண்டு. பிளஸ் டூ முடித்த பிள்ளை கவின்கலைக் கல்லூரியில் நான்கு வருட பி.எஃப்.ஏ. சேரலாம் என்பதே நம் பள்ளத்தாக்கில் பல வீடுகளுக்குத் தெரியாது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரியில் ஓவியமும் சிற்பமும் போக, காட்சிவழித் தகவல் வடிவமைப்பு, பதிப்போவியம், துணி வடிவமைப்பு, செராமிக் என்று பிரிவுகள் உண்டு. சுப்புலாபுரத்துத் தறிக்காரர் மகளுக்குத் துணி வடிவமைப்பு எவ்வளவு நேரான பாதை! அதை அவளுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பெரும்பாலும் நீங்கள்தான். நீட் பயிற்சிக்கு வழிகாட்ட ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் இருக்கிறது. இதற்கு ஒரு நோட்டீஸ்கூடக் கிடையாது.

போவதற்கு முன் ஒரு வீட்டுவேலை கொடுக்கலாம். காமயகவுண்டன்பட்டியிலோ சுருளிப்பட்டியிலோ ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் பிள்ளைகளை உட்காரவையுங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் அப்புறம். முதலில் பந்தலைப் பார்க்கட்டும்: வரிசையாகக் கல்தூண்கள், மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி, கம்பிக் கட்டங்களுக்குள் இலையின் ஒழுங்கின்மை. தூண்கள் தூரத்தில் போய்ச் சேரும் புள்ளியைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பெர்ஸ்பெக்டிவ் பாடம் முடிந்தது. போடிப் பிள்ளைகளுக்கு ஏலக்காய்த் தரம்பிரிக்கும் இடம் இருக்கிறது. ஒரே பச்சையில் எத்தனை பச்சை என்று பெண்கள் கண்ணாலேயே பிரிப்பதை அரை மணி நேரம் பார்த்தால் போதும். இந்தப் பயிற்சியோடு இஞ்சம்பாக்கத்தில் இறங்கும் பிள்ளை ‘இது என்ன கிறுக்கல்’ என்று கேட்காது. எப்படிச் செய்தார்கள் என்று கேட்கும்.

முதல் தடவை பிள்ளைகள் இல்லாமல் நீங்கள் இரண்டு மூன்று பேர் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. 2023 ஜூனிலிருந்து போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வாரம் மூன்று நாள் ரயில் ஓடுகிறது, தேனியிலும் ஏறலாம். சென்ட்ரலில் இறங்கினால் கவின்கலைக் கல்லூரி கூப்பிடு தூரம். அதை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு, பிறகு இஞ்சம்பாக்கம் போங்கள். கதையின் வரிசையும் அதுதான். உள்ளே போனதும் எந்த அறையில் பிள்ளைகளை எத்தனை நேரம் நிறுத்தலாம், வெளியே சிற்பத் தோட்டத்தில் எந்த மரத்தடியில் உட்காரவைத்து வரையச் சொல்லலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வரும் நாளையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் அங்கே முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்புறம், பஸ் டிரைவரிடம் முந்தின நாள் இரவே சொல்லிவிடுங்கள். மாமல்லபுரம் போகிற வேகத்தில் அவர் தாண்டிவிட்டால், ஈ.சி.ஆரில் யு-டர்ன் அடித்துத் திரும்பி வருவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். பிள்ளைகள் சோற்றுப் பக்கம் போய்விடுவார்கள்.

அன்புடன்,
கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வாசகர்